வரும்போது காசில்லை

களுவாஞ்சிகுடி பஸ் நிலையத்தில்
ஐந்தாவது ஆள் இறங்குகிறார்.
கையில் ஒரு பை. சின்னது.
கல்லூரி மைதானம் என்கிறார்.
ஏறுங்கள் சேர் என்கிறேன்.
இரண்டு வருசத்தில் ஐந்து உதவிக் கோச்.
அந்த வழியை என் ஓட்டோ
கண்ணை மூடிக்கொண்டே போகும்.

பெரிய கோச் புனிதவேல் சேர் மாறவில்லை.
அவரிடம் விசில் இருக்கிறது, பென்சன் கிட்டுகிறது.
"ஆள் மாறினா என்ன, பந்து உருண்டைதானே" என்பார்.
உருண்டைதான் சேர்.
பொடியன்மாரின் தலைக்குள்ளே அது
சதுரமாகிப் போச்சே.

முதல் வந்த பெர்னாட் சேர்
ஆளைப் பிடி என்றார்.
கோனர் அடித்தால் ஆளுக்கொரு ஆள்,
மூச்சுப் படுகிற தூரம்.
மாரிமழைக்கு முந்தியே கட்டாருக்குப் பறந்தார்.
பிறகு மருதமுனை நஸ்மில் சேர்:
ஆளை விடு, இடத்தைப் பிடி.
சுண்ணாம்பால் பெட்டி பெட்டியாய்க் கீறி
பின்னேரம் முழுக்க நிற்கவைத்தார்.
பெட்டிக்குள் நிற்க அவனுகள் பழகி முடிய
பொலன்னறுவைக்கு நியமனக் கடிதம் வந்தது.

மூன்றாமவர் தலையணையோடு வந்தார்.
தலையணை கொண்டுவந்தவன் தங்குவான்,
அது என் கணக்கு.
சலூன் புவிராசாவிடம் பந்தயமும் கட்டினேன்.
பாதி ஆள், பாதி இடம் என்று
ஏதோ நடுவழி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்.
நல்லாத்தான் இருந்தது.
ஒரு விடியற்காலை, கொழும்பு பஸ்ஸுக்கு என்றார்.
பையை எடுத்தார், தலையணையை மறந்தார்.
கேட்டு வருவார் என்று
உறையைத் தோய்த்துப் பின் சீட்டில் வைத்திருக்கிறேன்.

நாலாமவரை நான் ஏற்றவேயில்லை.
சொந்த மோட்டார்சைக்கிளில் வந்தவர்
அதிலேயே போனார்.
ஆறு கிழமை. பெயரும் மறந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கல்முனை ஆட்டம்.
ஒன்றுக்கு ஒன்று. முடிய நாலு நிமிசம்.
அவர்களுக்குக் கோனர்.
கோலுக்குள் நின்ற ஜெனோசன் "ஆள்!" என்று கத்தினான்.
லுகர்சன் "பெட்டி!" என்று கத்தினான்.
நடுவில் நின்ற தனுஜன்
திரும்பி பெஞ்சைப் பார்த்தான்.
பெஞ்சில் ஒரு தண்ணிப் போத்தலும்
யாரோ கழற்றிப் போட்ட சேட்டும்.
அவன் முகத்தைத் திருப்புவதற்குள்
யாரும் நிற்காத இடத்தில்
யாரும் பிடிக்காத ஒருவனின் நெற்றியில் பட்டு
பந்து உள்ளே.

நாங்கள் அதிபருக்கு மனு எழுதினோம்.
பதினேழு கையெழுத்து;
அதில் ஒன்று கல்முனைக்காரனுடையது,
சிரிப்புக்குப் போட்டான், அழிக்கவில்லை.
அதிபர் கோபிக்கவில்லை.
"பழைய மாணவர் சங்கம் தாறது
பெற்றோல் காசு மட்டும்தான் தம்பி,
அதை வச்சு ஆரை மறிக்க?" என்றார்.
பெற்றோல் காசு எனக்கு விளங்கும்.
திரும்பி வந்துவிட்டோம்.

அன்றிரவு ஜெனோசனை வீட்டில் விட்டதும் நான்தான்.
தலையணையில் கன்னம் வைத்து நித்திரை,
கையுறை கழற்றவில்லை.
எழுப்பக் கை வரவில்லை எனக்கு.
அவன் வீட்டு ஒழுங்கையைத் தாண்டி
கடற்கரை மட்டும் போய்த் திரும்பினேன்.

இப்போது ஐந்தாமவர் அதில் சாய்ந்திருக்கிறார்.
கேட்காமலே சொல்லிக்கொண்டு போகிறேன்:
சேர், கீப்பர் இடப்பக்கம் சுணங்கித்தான் விழுவான்.
லுகர்சனுக்குப் பாதி பெட்டி, பாதி ஆள்;
புதுசா ஒன்றும் சொல்லாதீங்க,
இருக்கிறதில் ஒன்றைப் பிடியுங்க.
தனுஜனுக்கு ஏசவேண்டாம், ஏசினால் கால் பின்னும்.
"நீங்க விளையாடினீங்களா?"
இல்லை சேர், வேலிக்கு வெளியேதான்.

கேற்றடியில் இறங்கி எவ்வளவு என்கிறார்.
வரும்போது காசில்லை சேர்.
போகும்போது இரண்டு மடங்கு.
சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை.

உள்ளே ஜெனோசன் நிற்கிறான்,
கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
புது ஆளின் முகத்தை அவன் பார்க்கவில்லை.
பையைப் பார்க்கிறான்.